டொக்டர் கடைசியா எப்ப நித்திரை கொண்டவர்?

போன மாதம் எங்கட திரையிடலுக்கு ஒரு தோழி வந்திருந்தாள். உள்ளகப் பயிற்சி வைத்தியர். ஹவுஸ் ஒபிசர் என்று சொன்னால்தான் ஊரில் விளங்கும். படம் தொடங்கிப் பத்து நிமிசம் இருக்காது, கதிரையில் சாய்ந்தபடியே நித்திரையாகிவிட்டாள். கையில் இருந்த ஆறிப்போன பிளேன்ரீ சரிந்து மடியில் ஊற்றுப்பட்டது. அதற்கும் எழும்பவில்லை. யாரோ மெல்லக் கோப்பையை வாங்கி நிலத்தில் வைத்தார்கள்.

படம் முடிந்து கதைக்க உட்கார்ந்தபோது கேட்டோம். முதல்நாள் காலை ஏழு மணிக்கு வாட்டுக்குள் போனவள். அன்று அவளுடைய வாட்டுக்கு கஷுவல்ட்டி. அடுத்தநாள் பின்னேரம் நாலு மணிக்குத்தான் வெளியே வந்திருக்கிறாள். 33 மணித்தியாலம். வீட்டுக்குப் போகாமல் நேரே எங்களிடம் வந்திருக்கிறாள், ஏனென்றால் 'வீட்டுக்குப் போனா படுத்திடுவன், பிறகு மனுசரையே பாக்கேலாது.'

எங்களில் ஒருவர், நல்ல மனதோடுதான், 'நீங்கள் எல்லாம் கடவுள் மாதிரி' என்றார். அவள் சிரித்துவிட்டு ஒரு கதை சொன்னாள். இரண்டு மாதத்துக்கு முதல், இதே மாதிரி ஒரு இரவின் கடைசியில், ஒரு பிள்ளையின் பீ.எச்.ரி.யில் மருந்தின் அளவை எழுதும்போது புள்ளி ஒரு இடம் தள்ளி விழுந்துவிட்டது. பத்து மடங்கு. மருந்தை எடுக்கப்போன மிஸி திரும்பி வந்து, 'டொக்டர், இது சரியோ?' என்று கேட்டிருக்கிறா. தோழி பார்த்தாள். இரண்டாம் தரமும் பார்த்தாள். எழுதியிருந்தது சரி என்றே தெரிந்ததாம். மூன்றாம் தரம்தான் புள்ளி கண்ணில் பட்டது. பிள்ளைக்கு ஒன்றும் நடக்கவில்லை. 'அந்த மிஸியும் என்னை மாதிரி நித்திரை இல்லாமல் நிண்டிருந்தா?' என்று கேட்டாள். எங்களுக்குப் பதில் வரவில்லை. இதை எழுதலாமா என்று கேட்டபோது, ஆளும் இடமும் தெரியாமல் எழுதுங்கோ என்றாள்.

கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது எங்களை உறுத்தியது அந்த 'கடவுள் மாதிரி'தான். கொரோனா காலத்தில் நாங்களும் இந்த வார்த்தைகளைத் தாராளமாகப் பாவித்திருக்கிறோம். தியாகம், அர்ப்பணிப்பு, கண் துஞ்சாமல் சேவை. நித்திரை இல்லாமல் முப்பது மணித்தியாலம் பஸ் ஓட்டின சாரதியை நாங்கள் கும்பிடுவதில்லை; இறங்கி அடுத்த பஸ்ஸில் ஏறுவோம். வைத்தியர் என்றால் மட்டும் அதே நித்திரையின்மை புண்ணியமாகிவிடுகிறது. பெரிய டொக்டர்மாரும் அப்படித்தான் வளர்க்கப்பட்டவர்கள். 'நாங்களும் இப்பிடித்தானே வந்தனாங்கள்' என்பது அவர்களுடைய பல்லவி.

'இப்பிடித்தான் வந்த' வரலாறு எங்கே தொடங்கியது என்று பார்த்தால் விசித்திரமாக இருக்கிறது. 1889இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் திறக்கப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில், வில்லியம் ஹோல்ஸ்டெட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இளம் வைத்தியர்களுக்கு ஒரு பயிற்சி முறையை அமைத்தார். வைத்தியசாலையிலேயே குடியிருக்க வேண்டும், எந்த நேரமும் கையெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். 'ரெசிடென்ட்' என்ற சொல்லில் அந்தக் குடியிருப்பு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹோல்ஸ்டெட் பெரிய மேதை, சந்தேகமில்லை. 1880களில் கொக்கெயினை மரத்துப்போகச் செய்யும் மருந்தாகப் பயன்படுத்தலாமா என்று தன் உடம்பிலேயே பரிசோதித்து அதற்கு அடிமையானவரும் அவர்தான். பிறகு மோர்ஃபினும் சேர்ந்துகொண்டது. களைப்பே தெரியாத மனிதர் வைத்த அளவுகோலால் நூறு வருடமாகக் களைத்த மனிதர்களை அளந்துகொண்டிருக்கிறோமோ என்று ஒரு குரூரமான நகைச்சுவை தோன்றுகிறது. நியாயமான தீர்ப்பா தெரியாது, ஆனால் தோன்றுகிறது.

அந்த அளவுகோலை அசைத்தது ஒரு சாவு. 1984 மார்ச்சில் லிபி ஸயன் என்ற 18 வயதுப் பெண் காய்ச்சலோடு நியூயோர்க்கின் பெயர்பெற்ற வைத்தியசாலை ஒன்றில் சேர்க்கப்பட்டு, சில மணித்தியாலங்களில் இறந்துபோனாள். ஏற்கெனவே அவள் எடுத்துக்கொண்டிருந்த மனச்சோர்வு மருந்தோடு சேரக்கூடாத பெதிடின் அவளுக்கு ஏற்றப்பட்டிருந்தது. அன்றிரவு அவளுக்குப் பொறுப்பாக இருந்தவர்கள் பயிற்சி வைத்தியர்கள். கையில் வேறு பல நோயாளிகள். தகப்பன் பத்திரிகையாளர். விடவில்லை. தனியாட்களைத் தண்டிப்பதோடு நில்லாமல், ஏன் இப்படி வேலை வாங்குகிறீர்கள் என்று கேட்டார். 1989இல் நியூயோர்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணித்தியாலம் என்று எல்லை வைத்தது. 2003இல் அமெரிக்கா முழுவதற்கும் அதே 80 வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2009இலிருந்து பயிற்சி வைத்தியர்களுக்கும் வாரத்துக்குச் சராசரி 48 மணித்தியாலம்தான் எல்லை. ஐரோப்பாவில் விசேட வைத்தியர்கள் உருவாகாமல் போய்விடவில்லை. எங்கட வைத்தியர்களே கடைசிக்கட்டப் பயிற்சிக்கு பிரித்தானியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும்தான் போகிறார்கள்.

சரி, நித்திரையின்மை மூளையை என்ன செய்கிறது? விழித்திருந்து வேலை செய்யச் செய்ய மூளைக்குள் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. நித்திரையில் அது குறைகிறது. தேத்தண்ணியில், கோப்பியில் உள்ள கஃபேன், அடினோசின் போய் ஒட்டவேண்டிய இடத்தில் தான் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. சேர்ந்த அடினோசினை அது அகற்றுவதில்லை. கடன்காரன் வாசலில் நிற்கும்போது கதவைப் பூட்டிவிட்டு உள்ளே இருப்பது மாதிரி. கஃபேன் இறங்கினால் கதவு திறக்கும்.

1997இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 'நேச்சர்' இதழில் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். ஒரே ஆட்களை ஒருநாள் நித்திரையில்லாமல் வைத்தும், இன்னொருநாள் குடிக்கக் கொடுத்தும், கண்ணும் கையும் எவ்வளவு இசைந்து இயங்குகின்றன என்று சோதித்தார்கள். 17 மணித்தியாலம் விழித்திருந்தவரின் தடுமாற்றம், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுசாரம் உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம். 24 மணித்தியாலம் என்றால் ஏறக்குறைய 0.10 சதவீதம். இலங்கையில் சாரதிகளுக்கு நீண்டகாலமாக இருந்துவரும் எல்லை 0.08. அதாவது இரவு முழுக்க விழித்த ஒருவர் காலையில் செய்யும் முதல் வாட் ரவுண்ட், வீதியில் பொலிஸ் ஊதச் சொன்னால் பிடிபடுகிற நிலையிலுள்ள ஒருவர் செய்வதற்குச் சமம்.

'பழகினாச் சரி' என்பார்கள். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே 2003இல் பென்சில்வேனியாவில் நடந்த ஆய்வைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆரோக்கியமான ஆட்களை 14 நாள், இரவுக்கு ஆறு மணித்தியாலம் அல்லது அதற்கும் குறைவாகத் தூங்கவிட்டார்கள். நாளுக்கு நாள் கவனம் சரிந்துகொண்டே போனது. கடைசியில், ஒன்று இரண்டு இரவு முழுதாகத் தூங்காதவர்களின் நிலைக்கு வந்து சேர்ந்தார்கள். ஆனால் 'எவ்வளவு நித்திரை வருகிறது?' என்று அவர்களையே கேட்டபோது, முதல் சில நாளுக்குப் பிறகு அது பெரிதாகக் கூடவில்லை. மூளை மோசமாகிக்கொண்டே போகிறது, ஆளுக்கு அது தெரியவில்லை. பழகுகிறது என்று நாங்கள் சொல்வது, தெரியாமல் போவதைத்தான். தோழி இரண்டு தரம் பார்த்தும் அந்தப் புள்ளியைக் காணாதது இப்போது எங்களுக்கு விளங்குகிறது.

வைத்தியசாலைக்குள்ளேயே நடந்த ஆய்வுகளும் உண்டு. 2004இல் பொஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், 24 மணித்தியாலத்துக்கு மேலான பழைய முறையையும், ஒரே தொடர்ச்சியில் 16 மணித்தியாலத்தைத் தாண்டாத புதிய முறையையும் ஒப்பிட்டார்கள். பழைய முறையில் பாரதூரமான தவறுகள் 36 சதவீதம் அதிகம். அடுத்த வருடம், 2,737 பயிற்சி வைத்தியர்களிடம் எடுத்த இன்னொரு ஆய்வில், நீண்ட கடமை முடித்து வாகனம் ஓட்டியவர்கள் விபத்துக்குள்ளாகும் சாத்தியம் இரண்டு மடங்குக்கு மேல். எங்கட தோழி ஸ்கூட்டியில் வருகிறவள்.

இதோடு நிறுத்தியிருந்தால் எங்களுக்கு வசதி. ஆனால் எதிர்ப்பக்கம் வந்த ஆய்வுகளை மறைத்துவிட்டுக் கதைப்பது நேர்மையில்லை. 2016இல் அமெரிக்காவில் 117 சத்திரசிகிச்சைப் பயிற்சித் திட்டங்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதிக்கு ஒரே தொடர்ச்சியில் இவ்வளவு நேரம்தான் என்ற கட்டுப்பாடு. மற்றப் பகுதிக்கு அது தளர்த்தப்பட்டது. நோயாளிகளின் சாவிலோ கடும் சிக்கல்களிலோ வித்தியாசம் இல்லை. பொது மருத்துவத்தில் 63 திட்டங்களை வைத்துச் செய்த ஆய்வும் 2019இல் ஏறக்குறைய இதையே சொன்னது. (அந்த ஆய்வுகளில் நோயாளிகளிடம் சம்மதம் கேட்கப்படவில்லை என்று அங்கே பெரிய சண்டை வந்தது. நாங்களும் அந்தச் சண்டையில் கேட்டவர்கள் பக்கம்தான்.)

இதைக் காட்டி 'பாத்தீங்களா, நேரத்தைக் குறைச்சு ஒரு பிரயோசனமும் இல்லை' என்று சொல்பவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். அந்த ஆய்வுகளில் இரண்டு பக்கமும் வாரத்துக்கு 80 மணித்தியாலத்துக்குள்தான் நின்றது. மூன்று இரவுக்கு ஒரு முறைக்கு மேல் ஒன்கோல் கிடையாது. வாரத்தில் ஒருநாள் லீவு. எங்கட தோழியின் வாட்டில் ஹவுஸ் ஒபிசர்மார் இரண்டே பேர், ஒன்றுவிட்ட இரவு ஒன்கோல். காலை எட்டுக்குப் போய் அடுத்தநாள் பின்னேரம் நாலுக்கு வந்தால் 48 மணித்தியாலத்தில் 32. இந்தச் சுற்று முறியாமல் ஓடினால் வாரத்துக்கு 112. அமெரிக்கர்கள் 80க்குள் எது நல்லது என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த விவாதத்துக்குள் நுழையவே நாங்கள் இன்னும் 32 மணித்தியாலம் இறங்கி வரவேண்டும்.

எங்களை உண்மையில் யோசிக்க வைத்தது 2020இல் வந்த ஆய்வு. பொஸ்டனில் முதல் ஆய்வைச் செய்த அதே அணிதான். ஆறு சிறுவர் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 16 மணித்தியால எல்லையைக் கொண்டுவந்து பார்த்தார்கள். தவறுகள் குறையும் என்றே எதிர்பார்த்தார்கள். கூடிவிட்டன. ஆயிரம் நோயாளி நாட்களுக்கு 79 ஆக இருந்தது 97 ஆனது. ஏன் என்று தோண்டியபோது, புதிய முறையில் ஒரு வைத்தியர் தலையில் விழுந்த நோயாளிகளின் எண்ணிக்கை சராசரி 6.7இலிருந்து 8.8க்கு ஏறியிருந்தது. நேரத்தைக் குறைத்தார்கள், போதுமான ஆளைப் போடவில்லை. அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்தபோது தவறுகளின் அதிகரிப்பு மறைந்துபோனது. தங்களுடைய பழைய முடிவுக்கு எதிராக வந்ததையும் அப்படியே வெளியிட்டார்களே, அதுக்கு அவர்களைப் பாராட்டவேணும்.

இலங்கைக்கு இதைவிடப் பொருத்தமான எச்சரிக்கை இல்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு எத்தனை வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள் என்பது உங்கள் குடும்பத்துக்குள்ளேயே எண்ணக்கூடிய விசயம். மிஞ்சி நிற்பவர்கள் போனவர்களின் வாட்டையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். இந்த நிலையில் நாளைக்கே சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டு '24 மணித்தியாலத்துக்கு மேல் கடமை கிடையாது' என்று சொன்னால் என்ன நடக்கும்? கையெழுத்துப் புத்தகத்தில் நாலு மணிக்கு வெளியேறுவார்கள், உடம்பு ஏழு மணிவரை வாட்டில் நிற்கும். அல்லது உண்மையிலேயே வெளியேறுவார்கள், இரவில் ஒருவர் இரண்டு வாட்டுக்கு ஓடுவார். ஆகவே எங்கட கோரிக்கை 'நேரத்தைக் குறை' என்று தொடங்கவில்லை. ஒரு வைத்தியருக்கு இரவில் எத்தனை கட்டில் என்று முதலில் எண்ணு. வடக்கு கிழக்கிலும் மலையகத்திலும் உள்ள சின்ன வைத்தியசாலைகளிலிருந்து எண்ணத் தொடங்கு. எல்லை அதற்குப் பிறகு.

எண்ணுவதற்கு ஆளில்லை என்று சொல்லமுடியாது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் எம்.டி. பயிற்சிக்குச் சேரும் ரெஜிஸ்ட்ரார்மார் பல துறைகளில் ஒரு ஆய்வாவது செய்து முடிக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த சிலர் அதை எப்படிச் செய்தார்கள் என்று கேட்டால் சிரிப்பும் கவலையும் சேர்ந்து வரும். ஒன்கோல் முடிந்த இரவுகளில், வினாக்கொத்தை நிரப்பி, தெரிந்த ஒருவரிடம் புள்ளிவிபரத்தைப் போடக் கொடுத்து, பைண்ட் பண்ணி ஒப்படைத்தார்கள். ஒருவர் சொன்னார், தான் எழுதியதைத் தானும் பரீட்சகரும் தவிர வேறு யாரும் படித்திருக்கமாட்டார்கள் என்று. இந்த ஆய்வுகளில் ஒரு பத்தையாவது தங்கள் சொந்த வாட்டின் இரவுகளைப் பற்றிச் செய்யலாமே? கையில் ஒரு மணிக்கூட்டு மாதிரிக் கட்டி நித்திரையை அளக்கும் கருவி இருக்கிறது. பத்து நிமிசக் கவனச் சோதனை இருக்கிறது. பீ.எச்.ரி. இருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: அளந்து தெரியவரும் தவறுகளுக்காக யாரையும் இழுத்து விசாரிக்கக்கூடாது. அந்த உறுதி இல்லாவிட்டால் யாரும் உண்மையை எழுதமாட்டார்கள். எங்கட தோழியே ஊர்பேர் வேண்டாம் என்றுதானே சொன்னாள்.

ஆளைக் கூட்டாமலே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு: கடமை மாறும்போது நோயாளியைக் கையளிக்கும் முறை. நேரத்தைக் குறைத்தால் கையளிப்பு கூடும், தகவல் நடுவில் விழும் என்பது பெரிய டொக்டர்மாரின் நியாயமான பயம். வட அமெரிக்காவில் ஒன்பது சிறுவர் வைத்தியசாலைகளில், ஐ-பாஸ் என்ற ஒழுங்குபடுத்திய கையளிப்பைப் பழக்கினார்கள். நோயாளி எவ்வளவு கடுமை, கதைச் சுருக்கம், செய்யவேண்டியவை, இப்படி நடந்தால் என்ன செய்வது, கடைசியில் பொறுப்பேற்பவர் தான் விளங்கிக்கொண்டதைத் திருப்பிச் சொல்லவேண்டும். அவ்வளவுதான். 2014இல் வந்த முடிவின்படி தவறுகள் 23 சதவீதம் குறைந்தன. தவிர்க்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதம் குறைந்தன. கையளிக்க எடுத்த நேரம் கூடவில்லை.

எங்கட வாட்டுகளில் இதற்கு இன்னொரு படி இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு ஒரு அம்மா தன் நெஞ்சுக்குள் என்ன செய்கிறது என்று தமிழில் சொல்கிறா. கேட்பவர் சிங்களம் பேசும் இளம் டொக்டர். தூரத்து ஊரிலிருந்து வந்து, தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு முயற்சி செய்பவர். பீ.எச்.ரி.யில் அது ஆங்கிலத்தில் ஒரு வரியாகிறது. காலையில் அந்த வரியை மட்டும் படித்து இன்னொருவர் பொறுப்பேற்கிறார். அம்மாவின் 'அடைக்குது' எந்த இடத்தில் தொலைந்தது என்று யாருக்கும் தெரியாது. நித்திரையோடு இருப்பவருக்கே இது கஷ்டம். 28ஆவது மணித்தியாலத்தில் இரண்டாம் மொழிதான் முதலில் கழன்று போகும் என்று தோழி சொல்கிறாள், அவளுக்குச் சிங்களத்தில்.

படுப்பதற்கு ஒரு இடமும் வேண்டும். 2024 ஓகஸ்ட் 9, கொல்கத்தா ஆர்.ஜி. கர் வைத்தியசாலையில் பயிற்சி வைத்தியர் ஒருவர் பாலியல் வன்புணர்வு செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். 36 மணித்தியாலக் கடமைக்கு நடுவில், கருத்தரங்கு மண்டபத்தில் கொஞ்சம் கண்ணயர்ந்தவர். இந்தியாவில் பயிற்சி வைத்தியர்களின் தொடர் கடமை வழமையாக 12 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது என்று 1992இலேயே அரசு எழுதி வைத்திருந்தது, எழுத்தில் மட்டும். 2025 மார்ச்சில் அனுராதபுரம் போதனா வைத்தியசாலையில், கடமை முடித்துத் தன் விடுதிக்குப் போன பெண் வைத்தியர் கத்திமுனையில் வன்புணர்வுக்கு உள்ளானார். நாடு முழுக்கக் கொந்தளித்தது. பாதுகாப்புக் கமெரா, காவலாளி என்று கதைத்தோம். பூட்டக்கூடிய, வாட்டுக்குப் பக்கத்தில் உள்ள, பெண்களுக்கென்று தனியான ஒரு ஒன்கோல் அறை எத்தனை வாட்டுக்கு இருக்கிறது என்று அப்போதும் யாரும் எண்ணவில்லை. தோழியின் வாட்டில் ஒரு அறை இருக்கிறது. கதவுக்குப் பூட்டு இருக்கிறது. திறப்பு இல்லை. கதிரையை முட்டுக் கொடுக்கிறார்களாம்.

காசு விசயத்தையும் சொல்லாமல் விடேலாது. அடிப்படைச் சம்பளம் போதாத நாட்டில் மேலதிக நேரக் கொடுப்பனவு வைத்தியரின் வருமானத்தில் பெரிய பங்கு. நேரத்தைக் குறை என்று நாங்கள் சொன்னால் வருமானத்தைக் குறை என்று அவர்களின் காதில் விழும், அதில் பிழையில்லை. நாங்கள் பார்த்த வேலைநிறுத்தச் செய்திகளில் அதிகம் வந்தவை டி.ஏ.டி. கொடுப்பனவு, இடமாற்றம், வரி. அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நித்திரைக்காக ஒரு துண்டுப் பிரசுரத்தை நாங்கள் இன்னும் காணவில்லை. நோயாளிகளும் வைத்தியர்களும் ஒரே பக்கம் நிற்கக்கூடிய அபூர்வமான கோரிக்கை அது. வேலைநிறுத்தத்தன்று வாசலில் நின்று ஏசுகிற சனம் இதற்கு உள்ளே வந்து நிற்கும் என்று நாங்கள் நம்புகிறோம். அடிப்படைச் சம்பளத்தை ஏற்றி நேரத்தைக் குறை என்று கேட்கட்டும், நாங்களும் வருகிறோம்.

இந்த மாதத் திரையிடலை தோழியின் ரோஸ்டரைப் பார்த்து, அவள் ஒரு முழு இரவு தூங்கி எழும்பிய நாளில்தான் வைத்தோம். அன்று காலை ஒரு வட்ஸ்அப் வந்தது. மற்ற ஹவுஸ் ஒபிசருக்கு டெங்குக் காய்ச்சல். அந்தக் கிழமை ஏழு இரவும் அவள்தான்.